உதறும் ஜிப்சியும் மாற்ற வேண்டாத ஸ்டீயரிங் பாக்ஸும்

கேள்வி: என்னிடம் 1998 மாடல் மாருதி ஜிப்சி கிங் இருக்கிறது. கொடைக்கானல் மேல்மலையில் தோட்டத்துக்குப் போய்வரவும் காய்கறி மூட்டை ஏற்றவும் அதைத்தான் நம்பியிருக்கிறேன். மலையில் ஓட்டும்போது ஒரு தொந்தரவும் இல்லை. வத்தலகுண்டு இறங்கி, திண்டுக்கல் ரோட்டில் 60 கி.மீ. வேகத்தைத் தாண்டும்போது முன்சக்கரம் ஒரு சின்னப் பள்ளத்தில் இறங்கினால் போதும், ஸ்டீயரிங் இடமும் வலமுமாகப் பேய் பிடித்ததுபோல் உதறுகிறது. கிட்டத்தட்ட வண்டியை நிறுத்தினால்தான் அடங்குகிறது. ஒரு பட்டறையில் ஸ்டீயரிங் டேம்பரை மாற்றினார்கள். சில மாதம் சரியாக இருந்து மறுபடி வந்துவிட்டது. முன்பக்கம் இரண்டு புது டயரும் போட்டேன். இன்னொரு பட்டறையில் ஸ்டீயரிங் பாக்ஸில் இருக்கும் ஸ்க்ரூவை முறுக்கிவிட்டு, பாக்ஸையே மாற்ற வேண்டும் என்கிறார்கள். அதற்குப் பிறகு வளைவில் திருப்பிய ஸ்டீயரிங் தானாக நேருக்கு வருவதில்லை. இடது முன்சக்கரத்தின் உள்பக்கம் கறுப்பாக எண்ணெய் கசிகிறது. ஃபோர் வீல் டிரைவ் போட்டு சிமெண்ட் களத்தில் திருப்பினால் வண்டி பிடித்து இழுக்கிறது, லீவரும் திரும்ப வர மறுக்கிறது. வண்டியை விற்க மனமில்லை. படங்கள் இணைத்திருக்கிறேன். என்ன செய்யலாம்?

பதில்: வணக்கம். அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஸ்டீயரிங் பாக்ஸில் முறுக்கிய அந்த ஸ்க்ரூவை, அடுத்த முறை மலை இறங்குவதற்கு முன் தளர்த்திச் சரியான அளவுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். பாக்ஸுக்குள் இருக்கும் இரண்டு பல் பாகங்களை நெருக்கிவைப்பதுதான் அந்த ஸ்க்ரூவின் வேலை. சக்கரம் நேராக இருக்கும்போது அந்தப் பற்கள் மிக நெருக்கமாக உட்காரும்படிதான் செய்திருப்பார்கள். அதற்கு மேலும் இறுக்கினால் நேர் நிலையில் பல் பிடித்துக்கொள்ளும். ஸ்டீயரிங் கனத்துப்போகும், வளைவு முடிந்தபின் தானாக நேருக்கு வராது. கொண்டை ஊசி வளைவுகள் அடுக்கடுக்காக வரும் பாதையில் இது அந்த உதறலைவிட ஆபத்தானது. அப்படியே ஓட்டிக்கொண்டிருந்தால், நன்றாக இருக்கும் பாக்ஸும் தேய்ந்து, மாற்றச் சொன்னவர்களின் பேச்சு உண்மையாகிவிடும்.

வேலை முடியும்வரை சமவெளியில் 45 கி.மீ. வேகத்தைத் தாண்டாதீர்கள். மீறி உதறல் வந்துவிட்டால் பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, கட்டைவிரல்களை ஸ்டீயரிங் வளையத்துக்கு வெளியே வைத்துப் பிடித்துக்கொண்டு, பின்னால் வரும் வண்டிகளைப் பார்த்து மெல்ல ஓரம் கட்டுங்கள்.

இனி உதறல். உங்கள் கடிதத்திலேயே பாதி விடை இருக்கிறது. மலையில் வருவதில்லை, வேகம் 60ஐத் தாண்டினால் வருகிறது, ஒரு பள்ளம் தொடங்கிவைக்கிறது, தொடங்கினால் தானாக நிற்பதில்லை. ஜிப்சியின் முன்பக்கம் முழு ஆக்சில். இரண்டு முன்சக்கரங்களையும் ஒரே டை ராட் கட்டிப்போட்டிருக்கிறது. ஒரு சக்கரம் அதிர்ந்தால் மற்றதும் சேர்ந்து ஆடும். அந்த அதிர்வை இணைப்புகளின் இறுக்கம் உடனே விழுங்கிவிட வேண்டும். எங்கோ ஓர் இடத்தில் இறுக்கம் போய்விட்டால், குறிப்பிட்ட வேகத்தில் ஒரு ஆட்டம் அடுத்த ஆட்டத்தைத் தள்ளிவிட்டுக்கொண்டே இருக்கும். மேல்மலை ரோட்டில் நீங்கள் அந்த வேகத்தைத் தொடுவதே இல்லை. அதனால்தான் மலையில் வண்டி நன்றாக இருப்பதாகத் தோன்றுகிறது.

ஆக, தூண்டிவிடுவது ஒன்று, தொடர இடம்கொடுப்பது வேறொன்று. டயரும் பள்ளமும் தூண்டிவிடும். இடம்கொடுப்பது தளர்ச்சி. டேம்பர் இரண்டிலும் சேராது. ஆட்டத்தை அமுக்கிவைப்பது மட்டுமே அதன் வேலை. இணைப்புகள் சரியாக இருக்கும் ஜிப்சி, டேம்பர் இல்லாமலேகூட உதறாது. புது டேம்பர் போட்டதும் சில மாதம் அமைதியாக இருந்ததற்குக் காரணம், அது புதிதாக இருந்தது என்பதுதான். தளர்ச்சி உள்ளே அப்படியே இருந்தது, அடி வாங்கி வாங்கி டேம்பரும் சோர்ந்துவிட்டது. உதறுகிறது என்றதும் டேம்பரை மாற்றித் தருவதை நான் ஏற்பதில்லை. காசு போவதோடு, நோயும் கண்ணுக்கு மறைந்துவிடுகிறது.

பரிசோதனையை வண்டி நான்கு சக்கரத்திலும் நிற்கும்போதே தொடங்க வேண்டும். என்ஜினை அணைத்துவிட்டு, சக்கரங்களுக்குக் கல் வைத்து, ஒருவரை உள்ளே உட்காரவைத்து ஸ்டீயரிங்கை இடமும் வலமுமாகச் சிறிதளவு வெடுக் வெடுக்கென்று ஆட்டச் சொல்லுங்கள். நீங்கள் கீழே படுத்து, ஒவ்வொரு மூட்டின் மேலும் கை வையுங்கள். கண்ணைவிடக் கைக்கு நன்றாகத் தெரியும். பாக்ஸிலிருந்து வரும் கை, அந்தக் கையைச் சக்கரத்தோடு இணைக்கும் டிராக் ராடின் இரு முனைகள், டை ராடின் இரு முனைகள் என்று வரிசையாகப் போங்கள். ஒரு பக்கம் அசைந்து, மறுபக்கம் தாமதமாக அசைந்தால் அந்த முனை தேய்ந்திருக்கிறது. பாக்ஸைச் சேஸிஸோடு பிடித்திருக்கும் போல்ட்டுகளையும், அதைச் சுற்றியுள்ள சேஸிஸ் தகட்டையும் துணியால் துடைத்துவிட்டுப் பாருங்கள். பழைய ஜிப்சிகளில் அங்கே மயிரிழை வெடிப்பு வருவதுண்டு. வெடிப்பு திறந்து மூடுவதைப் பார்த்து, பாக்ஸ் ஆடுகிறது என்று சொல்லிவிடுவார்கள். பட்டையை (லீஃப் ஸ்பிரிங்கை) ஆக்சிலோடு பிடித்திருக்கும் யூ போல்ட், பட்டையின் முனையைச் சேஸிஸோடு இணைக்கும் ஷேக்கிளின் புஷ் ஆகியவற்றையும் விட்டுவிடாதீர்கள்.

அடுத்து ஜாக்கி. சமதளத்தில் மட்டும் தூக்குங்கள். தூக்கியபின் ஆக்சிலுக்கு அடியில் ஸ்டாண்டு வைக்காமல் சக்கரத்தில் கை வைக்கக் கூடாது. சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால், உள்ளே இருப்பவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். பிரேக் பிடித்ததும் ஆட்டம் மறைந்தால் வீல் பேரிங். பிரேக் பிடித்தும் ஆட்டம் அப்படியே இருந்தால் கிங் பின். இது காசில்லாச் சோதனை, ஒரு நிமிடம்கூட ஆகாது. உங்கள் வண்டியைப் பார்த்த இரண்டு பட்டறையும் இதைச் செய்ததாக உங்கள் கடிதத்தில் இல்லை.

நான் முதலில் சந்தேகப்படுவது கிங் பின் பேரிங்கைத்தான். சக்கரம் திரும்புவதற்கான கீல் அது. ஒவ்வொரு பக்கமும் மேலே ஒன்று, கீழே ஒன்றாக மொத்தம் நான்கு சின்ன டேப்பர் பேரிங்குகள். அவை முழுச் சுற்று சுற்றுவதே இல்லை. ஆண்டுக்கணக்கில் நேர் நிலையைச் சுற்றிக் கொஞ்சம் இப்படி, கொஞ்சம் அப்படி அசைகின்றன, அவ்வளவுதான். ரோட்டின் அடி எல்லாம் ஒரே இடத்தில் விழுகிறது. பழைய பேரிங்கைக் கழற்றி, வெளிவளையத்தை மண்ணெண்ணெயில் கழுவி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உள்பக்கம் உருளைகள் பதிந்த கோடுகள் சீப்புப் பல் போல வரிசையாகத் தெரியும். நகத்தை வைத்து இழுத்தால் ஒவ்வொரு கோட்டிலும் நகம் தட்டும். உருளை கோட்டுக்குள் இறங்கிய அளவுக்கு, தொழிற்சாலையில் கொடுத்திருந்த இறுக்கம் போய்விட்டது என்று பொருள்.

ஒரு நுணுக்கம்: இந்த நிலையில்கூடச் சக்கரத்தை ஆட்டினால் ஆட்டம் தெரியாமல் போகலாம். ஆட்டம் இல்லாதிருப்பது வேறு, இறுக்கம் இருப்பது வேறு. அதனால் கையால் ஆட்டிப் பார்த்துவிட்டு கிங் பின் நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்ட முடியாது. டை ராடைக் கழற்றிவிட்டு, சக்கரத் தலையைக் கையால் மெதுவாகத் திருப்புங்கள். நேர் நிலைக்கு வரும்போது ஒரு பள்ளத்தில் விழுந்து நிற்பதுபோல் தட்டினாலோ, எந்தத் தடையும் இல்லாமல் வழுவழுவென்று சுழன்றாலோ பேரிங்கை மாற்ற வேண்டியதுதான்.

மாற்றும்போது இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள். பேரிங்கின் எண் அதன் மேலேயே பொறித்திருக்கும். அதைக் குறித்துக்கொண்டு நல்ல பேரிங் கடையில் வாங்கலாம். ஜிப்சி விற்பனை நின்று சில ஆண்டுகள் ஆகிவிட்டாலும், ராணுவத்தில் அந்த வண்டி நிறைய ஓடியதால் உதிரிபாகங்களுக்கு இன்னும் பஞ்சமில்லை. வளையத்தை மாற்றாமல் உருளைகளை மட்டும் மாற்றுவது வீண் வேலை, கோடு வளையத்தில்தான் இருக்கிறது. பிரேக் காலிப்பரைக் கழற்றினால் ரப்பர் ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் பட்டையில் கட்டிவைக்கச் சொல்லுங்கள்.

கிங் பின்னுக்கு அடியில் ஷிம் எனப்படும் மெல்லிய தகடுகள் இருக்கும். எந்தப் பக்கத்தில், மேலா கீழா என்று குறித்துவைக்காமல் எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் போடுகிற பட்டறையில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். ஷிம்மைக் குறைத்தால் இறுக்கம் கூடும். எவ்வளவு என்பதைக் கைக்கணக்கில் விடக் கூடாது. சக்கரத் தலையின் பின்பக்கம் வரும் பெரிய வளைய சீலை (கசிவைத் தடுக்கும் வளையத்தை) மாட்டுவதற்கு முன், டை ராட் மாட்டும் துளையில் ஸ்பிரிங் தராசின் கொக்கியைக் கோத்து செங்கோணத்தில் இழுங்கள். மீன் கடையில் வைத்திருக்கிறார்களே, அதே சின்னத் தராசு போதும். சக்கரத் தலை நகரத் தொடங்கும் இடத்தில் முள் 1 கிலோவுக்கும் 1.8 கிலோவுக்கும் நடுவில் இருக்க வேண்டும். 1 கிலோவுக்குக் கீழே நகர்ந்தால் ஒரு ஷிம்மை எடுங்கள், மேலே போனால் ஒன்றைச் சேருங்கள். ஒரே பக்கம் குவியாமல் மேலும் கீழும் பகிர்ந்து சரிசெய்யுங்கள். கூடுதலாக இறுக்கினால் இன்னும் நல்லதுதானே என்று நினைப்பவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் ஸ்டீயரிங் மறுபடி கனத்து, நேருக்குத் திரும்ப மறுக்கும். புது பேரிங்கும் சீக்கிரம் கோடு விழும்.

இடது சக்கரக் கசிவையும் இதே வேலையில் முடித்துவிடலாம், ஏனென்றால் இரண்டுக்கும் திறக்க வேண்டிய இடம் ஒன்றுதான். படத்தில் உருண்டை ஹவுசிங்கின் மேல் வழிந்திருப்பது வெறும் கிரீஸ் அல்ல என்றே நினைக்கிறேன், அவ்வளவு நீர்த்திருக்கிறது. விரலில் தொட்டு முகர்ந்து பாருங்கள். கந்தக நெடி அடித்தால் டிஃபரன்ஷியல் கியர் ஆயில் ஆக்சில் குழாய் வழியாக உள்சீலைத் தாண்டி வந்து, உருண்டைக்குள் இருக்கும் கிரீஸைக் கரைத்துக்கொண்டு வெளியேறுகிறது. வெளியே தெரியும் வளைய சீலை மட்டும் மாற்றினால் கசிவு கொஞ்ச நாளில் திரும்ப வரும். உள்சீலைத்தான் மாற்ற வேண்டும். அதற்கும் முன்னால், ஆக்சில் மேல் இருக்கும் பிரீதரை, அதாவது உள்காற்று வெளியேறும் சின்னக் குழாயைக் கழற்றி ஊதிப் பாருங்கள். மேல்மலைச் சேறு ஏறி அது அடைத்திருந்தால், ஓடி ஆயில் சூடாகும்போது உள்ளே காற்றழுத்தம் கூடி, எந்தப் புது சீலையும் தாண்டி ஆயிலைத் தள்ளும். பிரீதரைச் சுத்தம் செய்யச் செலவே இல்லை, ஆனால் அதை யாரும் பார்ப்பதில்லை.

சீல் உட்காரும் இடத்தில் ஆக்சில் ஷாஃப்டை நகத்தால் தடவிப் பாருங்கள். பள்ளம் விழுந்திருந்தால் அதைச் சொல்லாமல் மெக்கானிக் மூடிவிடக் கூடாது. பழைய கிரீஸை முழுக்க வழித்தெடுத்து, புதிதாக அடைக்க வேண்டும். டிஃபரன்ஷியலுக்கு ஜிஎல்-5 தரத்தில் 80டபிள்யூ-90 ஆயிலை, ஊற்றும் துளையின் விளிம்புவரை மட்டும் ஊற்றுங்கள், அதற்கு மேல் வேண்டாம். கசிவு பிரேக் டிஸ்க்வரை வந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பேட் ஆயிலைக் குடித்திருந்தால் கழுவிப் போடுவதில் பயனில்லை, இரண்டு பக்கமும் மாற்றிவிடுங்கள். மலை இறங்குகிற வண்டி அது.

படங்களில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. முன்பட்டையின் ஷேக்கிள் வழக்கத்தைவிட நீளமாக இருக்கிறது. உங்களுக்கு முன் வைத்திருந்தவர் வண்டியை உயர்த்தியிருக்க வேண்டும். ஜிப்சியில் முன்ஷேக்கிள் பட்டையின் முன்முனையில் இருக்கிறது. அதை நீட்டினால் பட்டை முன்னோக்கிச் சரிந்து, ஆக்சிலும் கூடவே திரும்பி, கிங் பின்னின் பின்சாய்வு குறைந்துவிடும். அந்தச் சாய்வைத்தான் காஸ்டர் என்கிறார்கள். ஸ்டீயரிங் தானாக நேருக்கு வருவதும், வேகத்தில் நேர்கோட்டில் நிற்பதும் அதனால்தான். அது குறைந்த வண்டியில் சின்னத் தளர்ச்சியும் பெரிய உதறலாக மாறும். சிலர் பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவே இரும்பு ஆப்பு வைத்துச் சாய்வைத் திரும்பக் கொண்டுவருவார்கள். அப்படிச் செய்தால் முன் பிராப்பல்லர் ஷாஃப்டின் கோணம் கெடுகிறது. நீங்கள் பாறை ஏறும் போட்டிக்குப் போகவில்லை, கேரட்டும் பூண்டும் ஏற்றுகிறீர்கள். பழைய அளவு ஷேக்கிளையே திரும்பப் போடுங்கள். வீல் அலைன்மெண்ட் கடையில் இந்த முன்ஆக்சிலுக்குச் சரிசெய்ய முடிந்தது டோ-இன், அதாவது இரண்டு சக்கரங்களின் முன்விளிம்பும் உள்நோக்கி நெருங்கியிருக்கும் அளவு மட்டுமே, 2 முதல் 6 மி.மீ. வரை இருக்கலாம். கேம்பர், காஸ்டர் என்று கணினித் தாளில் சிவப்பாக வந்தால் அதைத் திருக எந்தப் போல்ட்டும் இல்லை. பேரிங், ஷேக்கிள் வேலை எல்லாம் முடிந்தபின் போங்கள். அதற்கு முன் போனால் மறுபடி ஒருமுறை போக வேண்டிவரும்.

சிமெண்ட் களத்தில் பிடித்து இழுப்பது கோளாறு அல்ல. என்ஜின் சக்தியை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துக்கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் இந்த வண்டியில் நடு டிஃபரன்ஷியல் கிடையாது. ஃபோர் வீல் போட்டால் முன்ஷாஃப்டும் பின்ஷாஃப்டும் ஒரே வேகத்தில் சுற்றியாக வேண்டும். ஆனால் திரும்பும்போது முன்சக்கரங்கள் பெரிய வட்டத்தில் கூடுதல் தூரம் போகின்றன. சேற்றிலும் சரளையிலும் டயர் கொஞ்சம் வழுக்கி அந்தக் கணக்கை நேர்செய்துகொள்ளும். சிமெண்டில் வழுக்க முடியாததால் முறுக்கம் கியருக்குள் ஏறி நிற்கிறது. லீவர் வராததற்கும் அதுவே காரணம். அடித்து இழுக்காதீர்கள். ஸ்டீயரிங்கை நேராக வைத்துச் சில அடி பின்னால் எடுத்தால் முறுக்கம் அவிழ்ந்து லீவர் வந்துவிடும். காய்ந்த தார் ரோட்டிலும் சிமெண்டிலும் ஃபோர் வீல் போடவே வேண்டாம்.

முன்பக்கம் மட்டும் புது டயர் போட்டதும் முறுக்கம் ஏற ஒரு காரணம். புது டயரின் சுற்றளவு தேய்ந்த டயரைவிடப் பெரியது, அதனால் நேராகப் போகும்போதே முன்னும் பின்னும் வேறு வேறு வேகம் கேட்கின்றன. இந்த வகை வண்டிக்கு நான்கு டயரும் ஒரே அளவு, ஒரே ரகம், ஏறத்தாழ ஒரே தேய்மானத்தில் இருக்க வேண்டும். கையில் பணம் இருக்கும்போது பின்பக்கத்துக்கும் வாங்கிவிடுங்கள். அதுவரை சேற்றில் தேவைப்படும் தூரத்துக்கு மட்டும் ஃபோர் வீல் பயன்படுத்தினால் போதும். புது டயர்களைப் பேலன்ஸ் செய்தார்களா என்று நீங்கள் எழுதவில்லை. செய்யவில்லை என்றால் முதல் வேலையாகச் செய்துவிடுங்கள்.

முன்ஆக்சில் ஷாஃப்டை வெளியே எடுக்கும்போது அதன் முனையில் இருக்கும் ஜாயிண்டையும் பார்த்துவிடுங்கள். கழற்றுவதற்கு முன்பே ஒரு சோதனை செய்யலாம். மண் தரையில் ஃபோர் வீல் போட்டு, ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பி, நடக்கும் வேகத்தில் இரு பக்கமும் ஒரு வட்டம் போடுங்கள். முன்பக்கம் ஃப்ரீ வீல் ஹப் (சக்கரத்தை ஆக்சில் ஷாஃப்டோடு இணைக்கவும் பிரிக்கவும் உதவும் பூட்டு) இருந்தால் அதை லாக்கில் வைக்க வேண்டும். சக்கரத்தின் சுற்றோடு சேர்ந்து டக் டக்கென்று தாளம் தப்பாமல் சத்தம் வந்தால் அந்தப் பக்கத்து ஜாயிண்ட் தேய்ந்திருக்கிறது. சத்தம் இல்லை என்றால் கழுவி, கிரீஸ் போட்டு மாட்டிவிடலாம்.

பட்டறைக்குப் போகும்போது, "உதறுகிறது, சரிசெய்யுங்கள்" என்று சொல்லாதீர்கள். கிங் பின் பேரிங் இரண்டு பக்கமும், உள்ஆக்சில் சீல், பிரீதர், பழைய அளவு ஷேக்கிள் என்று கேளுங்கள். தராசால் இழுத்துப் பார்ப்பதை உங்கள் கண் முன்னால் செய்யச் சொல்லுங்கள். தராசு இல்லை என்றால் நீங்களே ஒன்று வாங்கிக்கொண்டு போங்கள். கழற்றிய பேரிங்குகளைக் கேட்டு வாங்கி அந்தக் கோடுகளைப் பாருங்கள். கோடே இல்லாமல் வளையம் பளபளவென்று இருந்தால் என் ஊகம் தவறு, அப்போது டை ராட் முனைகளையும் சேஸிஸ் வெடிப்பையும் இன்னும் கவனமாகத் தேட வேண்டும். வேலை முடிந்து 500 கி.மீ. ஓடியபின் கிங் பின் போல்ட்டுகளையும் யூ போல்ட்டுகளையும் ஒருமுறை இறுக்கிவிடுங்கள்.

இதெல்லாம் செய்தபின், ஸ்டீயரிங் நேராக இருக்கும்போது பாக்ஸின் உள்ளே போகும் தண்டு சுற்றியும் வெளியே வரும் கை நகரத் தாமதித்தால், அப்போதுதான் பாக்ஸைப் பற்றிப் பேச வேண்டும். அந்த நிலை வந்தால், தராசு காட்டிய அளவையும், எந்த வேகத்தில் உதறல் தொடங்குகிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.